கும்பகோணத்திலிருந்து ஒரு நாள்: திருமேனி வார்க்கும் ஊர், பட்டு நெய்யும் ஊர், விளக்குச் செய்யும் ஊர்

கும்பகோணத்துக்கு முதன்முறையாக வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் கோயில்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கும். விடியற்காலையில் வண்டி ஏறி, இரவுக்குள் எட்டு அல்லது ஒன்பது தலங்களைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். நேர்த்திக்கடனுக்காக அப்படிச் செல்கிறவர்களைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பகுதியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பத்தோடு வருகிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. சன்னிதியின் முன் நிற்கும்போது நம் கண்ணில் முதலில் படுகிறவை மூன்று: உற்சவரின் செப்புத் திருமேனி, அம்மனின் பட்டு, இருபுறமும் எரியும் குத்துவிளக்கு. இந்த மூன்றையும் செய்கிற ஊர்கள் கும்பகோணத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இருக்கின்றன. சுவாமிமலையில் திருமேனி வார்க்கிறார்கள், திருபுவனத்தில் பட்டு நெய்கிறார்கள், நாச்சியார்கோயிலில் விளக்குச் செய்கிறார்கள். மூன்று கோயில்களையும் இந்த மூன்று ஊர்களையும் ஒரே நாளில், உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணையோடு நிதானமாகப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு

இந்தப் பயணத்தின் அச்சாணி நடையடைப்பு நேரம்தான். இப்பகுதிக் கோயில்கள் பெரும்பாலும் காலை ஆறு மணியளவில் திறந்து, பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டரை மணிக்கும் இடையில் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு அல்லது நான்கரை மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். இதை அறியாமல் நான் முதன்முறை குடும்பத்தோடு வந்தபோது, முக்கியமான கோயில் ஒன்றின் வாசலில் பன்னிரண்டே முக்கால் மணிக்கு வந்து நின்று, கொதிக்கும் வெயிலில் மூன்றரை மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் தவித்தோம். பட்டறைகளிலும் தறிகளிலும் அந்த நேரத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கோயில் அடைத்திருக்கும் பிற்பகல் நேரத்தை ஊர்களுக்குக் கொடுத்துவிட்டால் நாளில் ஒரு மணி நேரம்கூட வீணாகாது.

திசைக் கணக்கும் எளிமையானது. தாராசுரமும் சுவாமிமலையும் நகருக்கு மேற்கே இருக்கின்றன. திருபுவனமும் நாச்சியார்கோயிலும் கிழக்குப் பக்கம் இருக்கின்றன. எனவே காலையில் மேற்கே சென்று, மதியச் சாப்பாட்டுக்கு நகருக்குத் திரும்பி, பிற்பகலில் கிழக்கே செல்ல வேண்டும். நாள் முழுவதும் சுற்றினாலும் மொத்தத் தொலைவு அறுபது கிலோமீட்டரைத் தாண்டாது.

எப்போது வருவது, எப்படி வருவது

மார்கழி, தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது தாராசுரம் கோயிலின் முற்றத்தில் தண்ணீர் தேங்கிவிடும். கோயிலின் தரை இன்றைய தெருமட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதே அதற்குக் காரணம். சித்திரை, வைகாசி வெயிலில் வெறுங்காலோடு கருங்கல் தரையில் நடப்பது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உண்மையிலேயே துன்பம் தரும். கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம் ஆகிய நாட்களில் சுவாமிமலையில் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், தரிசனத்தோடு பட்டறைகளையும் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. பொங்கல், ஆயுதபூசை, தீபாவளியை ஒட்டிய நாட்களில் கோயில்கள் திறந்திருந்தாலும் பட்டறைகள் மூடியிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் கடைசியாக 2016-இல் நடந்தது. அடுத்தது 2028-இல் வருகிறது. அந்த மாசி மாதத்தில் நீராடுவதற்காக வாருங்கள், ஊர் பார்ப்பதற்கு வேறு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சென்னை எழும்பூரிலிருந்து இரவு புறப்படும் உழவன் விரைவு வண்டி விடியும் முன்பே கும்பகோணத்தில் இறக்கிவிடும். திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பேருந்துகள் இடைவிடாமல் வருகின்றன. முதல் நாள் மாலையே வந்து தங்குவது உத்தமம். வண்டியிலிருந்து இறங்கி நேராகக் கிளம்புகிறவர்கள் ரயில் நிலையத்தின் அருகே ஓர் அறை எடுத்துக் குளித்துவிட்டாவது புறப்பட வேண்டும், ஏனெனில் தூக்கக் கலக்கத்தோடு பார்ப்பதற்குரிய சிற்பங்கள் அல்ல தாராசுரத்துச் சிற்பங்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பயணம் நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் வழிகாட்டியைப் பொறுத்தது. அதனால் இதற்கு ஒரு நாள் முன்னதாகவே நேரம் ஒதுக்குங்கள். சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். விடுதிகள் ஏற்பாடு செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். வாடகை வண்டி ஓட்டுநரே வழிகாட்டியாக வருவதும் உண்டு. ஓட்டுநர்களில் ஊரை நன்கு அறிந்தவர்கள் பலர் உண்டு என்றாலும், கல்வெட்டையும் சிற்பத்தையும் விளக்குவது தனிப் பயிற்சி. ஆகவே வண்டிக்கு ஒருவரையும் விளக்கத்துக்கு ஒருவரையும் தனித்தனியே அமர்த்திக்கொள்வதே என் பரிந்துரை.

தொலைபேசியில் பேசும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். தாராசுரத்தில் எவ்வளவு நேரம் செலவிடுவீர்கள் என்று கேட்கும்போது அரை மணி நேரம் போதும் என்று பதில் வந்தால், வேறொருவரைத் தேடுவது நல்லது. சுவாமிமலையில் எந்தப் பட்டறைக்கு அழைத்துச் செல்வீர்கள், அங்கே முன்கூட்டியே சொல்லிவைப்பீர்களா, அன்று மெழுகு வேலை நடக்குமா, உலோகம் வார்ப்பார்களா என்று கேளுங்கள். வார்ப்பு தினமும் நடக்கும் வேலை அல்ல. அச்சுகள் காய்ந்து தயாரான பிறகே ஒரு நாள் குறித்து வார்ப்பார்கள். உங்கள் தேதி ஓரிரு நாள் முன்பின் நகரக்கூடியதாக இருந்தால், வார்ப்பு நாளை விசாரித்து அதற்கேற்பப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விசாரிப்புக்கே வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் தகும்.

கூலி, நேரம், சாப்பாடு, வண்டி வாடகை எல்லாவற்றையும் புறப்படும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். கடைகளுக்கு ஆட்களை அழைத்துச் செல்வதற்குத் தரகு பெறும் வழக்கம் எல்லாச் சுற்றுலா ஊர்களையும் போல இங்கும் உண்டு. 'வேலை நடக்கும் இடத்தை முதலில் பார்க்கிறோம், வாங்குவதைப் பிறகு நாங்களே முடிவு செய்கிறோம்' என்று தொடக்கத்திலேயே பணிவாகச் சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் சங்கடம் இருக்காது. பட்டறையில் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்கு விளக்கம் சொன்னால், அந்த நேரத்துக்கு என்ன கொடுப்பது முறை என்பதையும் வழிகாட்டியிடம் தனியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் வேட்டி, புடவை, சுடிதார் போன்ற எளிய பருத்தி ஆடைகள் போதும். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு, அர்ச்சனைக்கும் காணிக்கைக்கும் சில்லறை, இருண்ட மண்டபங்களில் நுண்ணிய சிற்பங்களைப் பார்க்க ஒரு சிறிய கைவிளக்கு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சன்னிதிகளில் படம் எடுக்கக் கூடாது. வெளிப்பிராகாரத்தில் எடுக்கலாமா என்பது கோயிலுக்குக் கோயில் மாறும் என்பதால் அங்கங்கே கேட்டுக்கொள்வதே சரி.

காலை ஆறரை: தாராசுரம்

புறப்படும் முன் பித்தளை டவரா தம்ளரில் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு, நகரிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் மேற்கே உள்ள தாராசுரத்துக்கு ஆறரை மணிக்கெல்லாம் சென்றுவிடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் புடைப்புச் சிற்பங்களின் ஆழம் தெரியும், கல்லும் காலைச் சுடாது. இந்த நாளில் மிகுந்த நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். குறைந்தது இரண்டு மணி நேரம் இங்கே தங்குங்கள்.

ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் இராசராசன். அவன் ஆட்சி 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்தது. இராசராசபுரம் என்ற பெயரே நாளடைவில் தாராசுரம் என்று தேய்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதனோடு சேர்க்கப்பட்டன. தஞ்சையின் உயரத்தைக் கண்டுவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு, சுமார் 24 மீட்டர் உயரமுள்ள இந்த விமானம் சிறியதாகத் தோன்றலாம். தஞ்சையில் அண்ணாந்து பார்த்தவர்கள் இங்கே குனிந்து பார்க்கப் பழக வேண்டும். இந்தக் கோயிலின் செல்வம் முழங்கால் உயரத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கிறது.

நுழைந்தவுடன் நந்தியின் அருகில் உள்ள பலிபீடத்தின் படிகளைப் பாருங்கள். தட்டினால் இசை ஒலி எழுப்பும் கற்களால் ஆன படிகள் அவை. தேய்மானத்தைத் தடுக்க இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். யாராவது கல்லால் தட்டிக் காட்டுகிறேன் என்று முன்வந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து முகமண்டபத்தின் தென்பக்கம் செல்லுங்கள். இராசகம்பீரன் திருமண்டபம் என்று பெயர் பெற்ற அந்த மண்டபம், சக்கரங்களும் பாயும் குதிரைகளும் பூட்டிய தேராகவே செதுக்கப்பட்டிருக்கிறது. யானையின் தலையும் காளையின் தலையும் ஒன்றாகவே அமைந்து, ஒருபுறம் மறைத்தால் யானையாகவும் மறுபுறம் மறைத்தால் காளையாகவும் தெரியும் சிற்பத்தை எந்த வழிகாட்டியும் தவறாமல் காட்டுவார். குழந்தைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஆனால் வழிகாட்டியிடம் நீங்களாகக் கேட்டுப் பார்க்க வேண்டியது வேறொன்று. கருவறையைச் சுற்றி வெளிச்சுவரின் அடியில், வரிசையாகச் சிறுசிறு கட்டங்களில், அறுபத்துமூன்று நாயன்மார்களின் வரலாறு செதுக்கப்பட்டிருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். இந்தக் கோயிலைக் கட்டியவன் அவனுடைய மகன். ஒரு காப்பியம் பாடப்பட்டு ஒரு தலைமுறைக்குள் அது கல்லில் ஏறியிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு, வலமாக மெதுவாக நடந்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். கண்ணப்பரின் வரலாறும், முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட வரலாறும் முன்பே தெரிந்திருந்தால், எழுத்து இல்லாமலே சிற்பம் உங்களோடு பேசும். புறப்படும் முன்தினம் இரவு நான்கைந்து நாயன்மார் கதைகளையாவது குழந்தைகளுக்குச் சொல்லிவைத்தால், அவர்களே தேடித்தேடிக் கண்டுபிடிப்பார்கள். வடபுறத் திருச்சுற்றில் சிவாசாரியர்கள் நூற்றெட்டுப் பேரின் உருவங்கள் பெயர்களோடு இருப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கோயிலின் பெயர்க் காரணமும் சுவையானது. துருவாசரின் சாபத்தால் வெண்மை நிறத்தை இழந்த இந்திரனின் யானை ஐராவதம் இங்கே வழிபட்டு நிறம் மீண்டது என்பது தலபுராணம். அம்மன் தெய்வநாயகியின் கோயில் வடக்கே தனியாக இருக்கிறது. நேரம் இருந்தால் அங்கும் சென்று வணங்குங்கள். தாராசுரத்துச் சிற்பங்கள் அனைத்தும் தாராசுரத்திலேயே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யானையை உரித்த மூர்த்தியின் புகழ்பெற்ற சிற்பம் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்ததாகத் தன் பீடத்திலேயே எழுத்துப் பொறித்த துவாரபாலகரும் இங்கிருந்து தஞ்சைக்குச் சென்றவரே. அடுத்த நாள் தஞ்சாவூர் செல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணி: சுவாமிமலை

காலைச் சாப்பாட்டைத் தாராசுரத்திலிருந்து கிளம்பும்போது முடித்துக்கொள்ளலாம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் கும்பகோணம் கடப்பா கிடைத்தால் இட்லிக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள்.

சுவாமிமலை அறுபடை வீடுகளில் நான்காவது. தந்தைக்கே பிரணவத்தின் பொருளை உபதேசித்த சுவாமிநாதனின் தலம். பெயரில் மலை இருந்தாலும் இது வயல்களுக்கு நடுவே எழுப்பப்பட்ட கட்டுமலை. மேலே ஏறும் அறுபது படிகளும் தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிப்பவை. பிரபவ முதல் அட்சய வரை பெயர்கள் உண்டு என்பதால், வீட்டுப் பெரியவர்கள் தாங்கள் பிறந்த ஆண்டின் படியில் நின்று வணங்குவதைப் பார்க்கலாம். வழக்கமான மயிலுக்குப் பதிலாக இங்கே முருகனின் எதிரே யானை நிற்கிறது. அதுவும் இந்திரன் கொடுத்த ஐராவதம் என்பார்கள். தாராசுரத்தில் காலையில் கேட்ட பெயர் இங்கே மீண்டும் வரும்.

தரிசனம் முடிந்ததும் பத்து மணியளவில் ஸ்தபதிகளின் பட்டறைக்குச் செல்லுங்கள். இங்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும். சுவாமிமலைச் செப்புத் திருமேனிகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காவிரியின் வண்டல் மண் நுண்மையாக இருப்பதே இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதற்குக் காரணம் என்று ஸ்தபதிகளே சொல்வார்கள்.

வேலையின் வரிசை தெரிந்திருந்தால், பட்டறையில் எந்தக் கட்டம் நடந்துகொண்டிருந்தாலும் அதை இடம் பொருத்திப் பார்க்க முடியும். முதலில் அளவு. செய்யப்போகும் திருமேனியின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை எடுத்து, அதை மடித்து மடித்து, சிலைக்குரிய அளவு முறையான தாளக் கணக்கைக் குறிப்பார்கள். சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலப் பகுப்பு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பகுப்பு. இந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலம் அல்ல, அந்தத் திருமேனியின் உயரத்திலிருந்தே பிறக்கும் அளவு. திருமேனி ஒரு சாண் உயரம் இருந்தாலும் ஆள் உயரம் இருந்தாலும் அதே பகுப்புத்தான். ஓலை நறுக்கை ஸ்தபதி மடிக்கும்போது உற்றுப் பாருங்கள். அந்தப் பட்டறையில் நான் மிகவும் மதிக்கும் பொருள் அதுதான்.

பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் உருவம் செய்கிறார்கள். கை, முகம், ஆயுதம், பீடம் எல்லாம் தனித்தனியே செய்து சூட்டுக்கோலால் ஒட்டப்படும். உலோகம் செல்வதற்கான வழியாக மெழுகுக் குழல்களையும் அப்போதே பொருத்திவிடுவார்கள். அதன்மேல் முதலில் மிக நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி நிழலில் காயவைத்து, அடுத்தடுத்துப் பருமனான மண்ணைப் பூசி, பெரிய உருவமாக இருந்தால் இரும்புக் கம்பியால் கட்டுவார்கள். காய்ந்த அச்சை வறட்டி நெருப்பில் சூடாக்கும்போது உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியேறிவிடும். வெற்றிடமாக நிற்கும் அச்சை மண்ணில் புதைத்து, வாய் மட்டும் மேலே தெரியும்படி வைத்து, உருக்கிய பஞ்சலோகத்தை ஊற்றுவார்கள். அதில் செம்பே மிகுதி. பித்தளையும் ஈயமும் கொஞ்சம் சேரும். வெள்ளியும் பொன்னும் சிறிதளவே. ஆறியபின் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே உருவம், அதே அச்சில் இன்னொன்று பிறக்காது. அதன் பிறகும் உளியும் அரமும் கொண்டு வாரக்கணக்கில் செதுக்கு வேலை நடக்கும். வழிபாட்டுக்குச் செல்லும் திருமேனிக்குக் கண் திறப்பது இறுதியில், அதற்குரிய நேரத்தில், அதற்குரிய சடங்கோடு.

பட்டறையில் நடந்துகொள்ளும் முறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றுங்கள். அரைகுறையாக நிற்கும் உருவமும் அவர்களுக்குத் தெய்வம்தான். மெழுகு உருவத்தைத் தொடாதீர்கள், கைச் சூடு பட்டாலே அதன் விளிம்பு மழுங்கிவிடும். 'ஐயா, படம் எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டுவிட்டு எடுங்கள். வார்ப்பு நடந்தால் அவர்கள் காட்டும் இடத்தில் நில்லுங்கள், அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். சிலை வாங்கி வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல நினைப்பவர்கள், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடமிருந்து பெற வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்து, விற்பவரிடம் முறையான ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

மதியம்

பன்னிரண்டரை மணிக்குள் கும்பகோணம் திரும்பி இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, விரும்பினால் இந்த ஊரின் பெயர்பெற்ற கொழுந்து வெற்றிலையைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓய்வெடுங்கள். பெரியவர்கள் உடன் வந்தால் இந்த ஓய்வைக் குறைக்காதீர்கள்.

ஒன்றே முக்கால்: திருபுவனம்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டரில் திருபுவனம். இங்கே மூன்றாம் குலோத்துங்கன் எழுப்பிய கம்பகரேசுவரர் கோயில் சரபேசுவரர் சன்னிதிக்காகப் பெயர்பெற்றது. நாம் வரும் நேரத்தில் நடை சாத்தியிருக்கும். எனவே நேராகத் தறி ஓசை கேட்கும் தெருக்களுக்குச் செல்லலாம்.

நெசவு இங்கே பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. நெசவாளர்களில் சௌராட்டிரர் பலர் இருக்கிறார்கள். தமிழோடு அவர்களுடைய சௌராட்டிர மொழியையும் தெருவில் கேட்கலாம். நீங்கள் நுழைவது ஒரு குடும்பத்தின் வீடு என்பதால், வழிகாட்டி முன்கூட்டியே அனுமதி பெற்ற வீட்டுக்கு மட்டும், நான்கைந்து பேராகச் செல்லுங்கள். பாவு நூல் நீளவாக்கில் தறியில் விரிந்திருக்க, நாடா என்ற ஓடக்கட்டையில் ஊடை நூல் குறுக்கே ஓடும். மேலே ஜக்கார்டு அட்டைகள் துளைகளின் வழியே எந்தப் பாவு நூல் எழ வேண்டும், எது தாழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு புடவைக்கு ஆகும் நாட்கள் கரையையும் முந்தானையையும் பொறுத்தவை. உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் இருக்கும் கோர்வைப் புடவைக்கு உழைப்பு இரட்டிப்பு. அதை நெய்கிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் தறியை நிறுத்திப் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூலி நேரம் என்ற நினைவு மட்டும் இருக்கட்டும்.

திருபுவனம் பட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விசிறி மடிப்பாக மடித்துத் தருவது இந்த ஊர்ப் புடவையின் அடையாளம். வாங்க நினைத்தால் ஊரில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையத்தை முதலில் பாருங்கள். பட்டின் தூய்மைக்கு 'சில்க் மார்க்' அட்டை இருக்கிறதா என்று கவனித்து, சரிகையில் வெள்ளியும் பொன்னும் எவ்வளவு என்று வாய்விட்டே கேளுங்கள். நெய்தவரிடம் நேரடியாக வாங்கும்போது தயவுசெய்து விலையை அடித்துப் பேசாதீர்கள். அவர் அமர்ந்திருந்த இடத்தைச் சற்றுமுன்புதான் நீங்கள் பார்த்தீர்கள்.

மூன்றே முக்கால்: நாச்சியார்கோயில்

திருபுவனத்திலிருந்து திருநாகேசுவரம் வழியாகச் சென்றால் வயல்களுக்கிடையே அழகான பாதை. உப்பில்லாத நைவேத்தியத்துக்குப் பெயர்பெற்ற ஒப்பிலியப்பன் கோயில் வழியில்தான் இருக்கிறது. இறங்க வேண்டும் என்ற ஆசை வரும். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விளக்குப் பட்டறைகளில் அன்றைய வேலை முடிந்துவிடும்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் புவிசார் குறியீடு பெற்றதே. சுவாமிமலையில் பார்த்ததிலிருந்து இது மாறுபட்ட வார்ப்பு. இங்கே மெழுகு கரைவதில்லை. சட்டத்துக்குள் இறுக்கிய மண்ணில் மாதிரியை அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய பித்தளையை ஊற்றுகிறார்கள். அதனால் ஒரே மாதிரியிலிருந்து பல பாகங்கள் வார்க்க முடியும். அடிப்பாகம், தண்டு, திரி ஏற்றும் அகல், உச்சியில் அன்னம் என்று தனித்தனியே வார்த்து, கடைசல் இயந்திரத்தில் சுழற்றிக் கடைந்து, மெருகேற்றி, மரை வெட்டி ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். காலையில் மெழுகு வார்ப்பையும் மாலையில் மண் வார்ப்பையும் ஒரே நாளில் பார்ப்பதன் பயன் இங்கேதான் தெரியும்.

விளக்கு வாங்கும்போது சமமான தரையில் வைத்துப் பாருங்கள், அடி ஆடக் கூடாது. சற்றுத் தள்ளி நின்று தண்டு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மரையை நீங்களே ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள். எடைக்கே விலை என்பதால் உங்கள் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். அடிப்பாகம் கனமாக இருந்தால்தான் விளக்கு நிலையாக நிற்கும் என்பதால், உயரத்தைக் காட்டிலும் அடியின் கனத்துக்கே முதலிடம் கொடுப்பேன்.

ஐந்து மணிக்கு இதே ஊரில் உள்ள திருநறையூர் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குச் செல்லுங்கள். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றான இது, கோச்செங்கட் சோழனோடு சேர்த்துத் திருமங்கையாழ்வார் பாடிய மாடக்கோயில். படியேறித்தான் பெருமாளை அடைய வேண்டும். இங்கே வஞ்சுளவல்லித் தாயாருக்கே முதலிடம், புறப்பாட்டில் அவரே முன்னே செல்வார். ஊருக்கு நாச்சியார்கோயில் என்ற பெயர் அதனால் வந்தது. கல் கருடனின் சன்னிதியில் சற்று நேரம் நில்லுங்கள். மார்கழியிலும் பங்குனியிலும் நடக்கும் சேவையில், சன்னிதியிலிருந்து புறப்படும்போது நான்கு பேர் தூக்கும் கருடன், வெளியே வர வர எடை கூடி எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆட்களைக் கேட்பார் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. தூக்கியவர்கள் வாயால் அதைக் கேட்பது தனி அனுபவம். அந்த நாட்களில் வர முடிந்தால் இந்தப் பயணத்தின் வரிசையை மாற்றி, நாள் முழுவதையும் நாச்சியார்கோயிலுக்கே கொடுத்துவிடுங்கள்.

ஆறே கால் மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் நகரில் இருக்கலாம். இன்னும் உடலில் தெம்பிருந்தால் கும்பேசுவரரையோ சாரங்கபாணியையோ தரிசிக்கலாம். திருபுவனத்துக் கோயிலை மறுநாள் காலையில் தனியாகச் சென்று பார்ப்பதையே நான் விரும்புவேன். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் பேசிய தொகையை அவரவர் கையிலேயே தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். விளக்கு வாங்கியிருந்தால், அறைக்கு வந்ததும் பாகம் பாகமாகக் கழற்றி, மரைப் பகுதிகளைத் துணியால் சுற்றிப் பெட்டியின் அடியில் வையுங்கள். வீட்டில் பூட்டும்போது அடிப்பாகத்தைத் தரையில் ஊன்றிவிட்டு, தண்டை அதன்மேல் திருகி, அகலையும் அன்னத்தையும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.